பரேலில் வளர்ந்த கிருமி

(விக்ரோலியில் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

விக்ரோலியில் ஸ்லோ வண்டி ஏறினால் காட்கோபர், வித்யாவிஹார், குர்லா, சயான், மாட்டுங்கா, தாதர் கடந்து பரேல் வரும். உறவுக்காரர் யாருக்காவது, ஊரிலிருந்து சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தவருக்காவது துணையாகப் பரேலில் இறங்கி டாடா மருத்துவமனைக்குப் போகாத தமிழ்க் குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. அந்த வளாகம் நமக்குப் புற்றுநோயோடு ஒட்டிய இடம். வேறெந்த நோயோடும் அதை நாம் சேர்த்து நினைப்பதில்லை. ஆனால் 1958இல் அங்கிருந்த புற்றுநோய் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த முக்கியமான கட்டுரை ஒன்று தொழுநோயைப் பற்றியது. தொழுநோயாளி ஒருவரின் தோல் முடிச்சிலிருந்து எடுத்த கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துவிட்டோம் என்று பாபட், கமல் ரணதிவே, கானோல்கர் ஆகிய மூவர் அறிவித்தார்கள். புற்றுநோய்க்காகக் கட்டிய ஆய்வகத்தில் தொழுநோய்க் கிருமிக்கு என்ன வேலை? அன்றும் பலர் இப்படிக் கேட்டிருப்பார்கள். இன்றும் ஒரு நிதிக்குழு கேட்கக்கூடிய கேள்விதான். இதற்கு விடை தேடுவதுதான் இந்தப் பேச்சு. புற்றுநோய், தொற்றுநோய், நோய் எதிர்ப்பாற்றல் என்று மூன்று கட்டடங்களாக நாம் பிரித்து வைத்திருப்பவை உடம்புக்குள் ஒரே கேள்வியின் மூன்று முகங்கள். வந்தது எது, அதை விடலாமா எதிர்க்கலாமா என்று உடம்பு எப்படி முடிவு செய்கிறது என்பதே அந்தக் கேள்வி. அந்தப் பிரிவினையைப் பொருட்படுத்தாமல் வேலை செய்த ஓர் ஆய்வகத்துக்கு என்ன பலன் கிடைத்தது, அந்தப் பலனை நாம் என்ன செய்தோம் என்று பார்க்கலாம்.

டாடா நினைவு மருத்துவமனை 1941இல் திறக்கப்பட்டது. அதன் ஆய்வகங்களைக் கட்டியெழுப்பிய நோய்க்குறியியல் அறிஞர் வி.ஆர். கானோல்கர், 1952இல் மத்திய சுகாதார அமைச்சகம் பரேலிலேயே தொடங்கிய இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துக்கும் முதல் இயக்குநரானார். இவர் புற்றுநோயை ஆராய்ந்த அளவுக்கே, தொழுநோய்க் கிருமி நரம்புகளுக்குள் புகும் விதத்தையும் ஆராய்ந்தவர். மாட்டுங்காவுக்குப் பக்கத்தில் வடாலாவில் 1890 முதல் இருக்கும் ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனையை நினைத்துக்கொண்டால், பம்பாயில் இருந்த ஒரு நோய்க்குறியியலாளர் தொழுநோயைப் பார்க்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு. கமல் ரணதிவே 1917இல் புனேயில் பிறந்தவர், படித்தது தாவர உயிரணுவியல். திருமணத்துக்குப் பின் பம்பாய் வந்து, கானோல்கரிடம் ஆராய்ச்சி செய்து 1949இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜார்ஜ் கே நடத்திய ஆய்வகத்தில் பயிற்சி பெற்றார். ஹீலா என்ற பெயரில் உலகமெங்கும் போய்ச் சேர்ந்த மனித உயிரணுக்கள் 1951இல் வளர்த்தெடுக்கப்பட்டது அந்த ஆய்வகத்தில்தான். உடம்புக்கு வெளியே, கண்ணாடிக் குப்பிக்குள் உயிரணுவை உயிரோடு வைத்திருக்கும் கலையை அங்கே கற்றுவந்து, நாட்டின் முதல் திசு வளர்ப்பு ஆய்வகத்தை பரேலில் அமைத்தார். பின்னாளில் அந்த நிறுவனத்தின் பொறுப்பு இயக்குநராகவும் இருந்தார். 1982இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது.

அவர் எடுத்துக்கொண்ட முதல் கேள்வி மார்புப் புற்று. சில குலத்து எலிகளில் தாய்க்கு மார்புப் புற்று வந்தால் குட்டிகளுக்கும் வருகிறது. குட்டிகளைப் பிறந்தவுடன் வேறு தாயிடம் பால் குடிக்க விட்டால் வருவது வெகுவாகக் குறைகிறது. ஜான் பிட்னர் 1936இல் அமெரிக்காவில் கண்டது இது. பாலில் போவது ஒரு வைரஸ் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அதே பாலைக் குடித்த எல்லா எலிக்கும் புற்று வருவதில்லை. எலியின் குலம் எது, அதன் ஹார்மோன்கள் எந்த நிலையில் இருக்கின்றன, வைரஸ் உண்டா இல்லையா என்ற மூன்றும் கூடும் இடத்தில்தான் கட்டி எழுகிறது. ரணதிவேயும் அவருடைய குழுவினரும் பம்பாயிலேயே வளர்த்த எலிக் குலங்களில் இந்த மூன்றின் கூட்டை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். இன்றைய பேச்சில் சொன்னால், மரபணு, தொற்று, உடம்பின் நிலை என்ற மூன்றையும் ஒரே எலிக்குள் வைத்துப் பார்த்தார்கள். இப்படிப் பழகிய கண்ணுக்குத் தொழுநோய் வேற்று நாடாகத் தெரிந்திருக்காது.

ஏனென்றால் தொழுநோயைப் போல எதிர்ப்பாற்றலைப் பாடமாக விரித்துக் காட்டும் நோய் வேறில்லை. கிருமி ஒன்றுதான். ஒருவருக்கு அது உணர்ச்சியற்ற ஒரே ஒரு தேமலோடு நிற்கிறது. தோலைக் கீறி எடுத்துப் பார்த்தால் கிருமியே அகப்படாது. இன்னொருவருக்கு முகமும் காது மடலும் தடித்து, கீறி எடுத்த துளியில் கோடிக்கணக்கில் கிருமிகள். மருத்துவர்கள் ரிட்லியும் ஜாப்ளிங்கும் 1966இல் இந்த இரு முனைகளுக்கு நடுவே நோயைப் படிப்படியாக வரிசைப்படுத்தினார்கள். முதல் முனையில் இருப்பவரின் டி செல்கள் என்ற தற்காப்பு உயிரணுக்கள் கிருமியை அடையாளம் கண்டு வளைக்கின்றன. மறு முனையில் இருப்பவரின் டி செல்கள் இந்த ஒரு கிருமியிடம் மட்டும் கண்ணை மூடிக்கொள்கின்றன. அதே மனிதர் வேறு கிருமிகளை நன்றாகவே எதிர்ப்பார். புற்றுக்கட்டியிடம் உடம்பு காட்டும் மெத்தனத்தை ஆராய்பவர்களுக்கு இந்த மறு முனை பழக்கமான காட்சி. ஆனால் ஆராய்ச்சிக்கு ஒரு தடை இருந்தது. ஹான்சன் 1873இல் கண்டுபிடித்த அந்தக் கிருமியை யாராலும் ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. குடலில் வாழும் ஈ. கோலி கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள். தொழுநோய்க் கிருமிக்கு 12 முதல் 14 நாள். அது நரம்பைத் தேடிப் போகும் கிருமி என்பதை வைத்து, பரேலில் மனிதக் கருவின் நரம்பு முடிச்சு உயிரணுக்களை வளர்த்த திரவத்தில் நோயாளியின் தோல் முடிச்சுத் துணுக்கைப் போட்டுப் பார்த்தார்கள். சிவப்புச் சாயம் ஏற்றிச் சூடாக்கி, அமிலம் ஊற்றிக் கழுவினாலும் நிறம் போகாத மெல்லிய குச்சிகள் பெருகின. ஆய்வகத்தின் பெயரையே வைத்து அதை ஐ.சி.ஆர்.சி. கிருமி என்று அழைத்தார்கள். 1979 வாக்கில் அதே ஆய்வகத்தின் எம்.ஜி. தேவ் அதைக் கொன்று தடுப்பூசியாக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்ட டி செல்களை உடைய நோயாளிகள் பலரிடம் இந்த ஊசிக்குப் பிறகு கிருமிச் சத்தைத் தோலில் செலுத்தினால் தடிப்பு எழுந்தது. உடம்பு விழித்துக்கொண்டதன் அடையாளம் அது.

இந்த விழிப்பு நோயைத் தடுக்குமா என்பதற்கு விடை சொன்னது தமிழ்நாடு. செங்கல்பட்டு மக்கள் தடுப்பூசிச் சோதனைக்குப் புதியவர்கள் அல்லர். காசநோய்க்கான பிசிஜி ஊசியை உலகம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய காலத்தில், 1968 முதல் அங்கே 2.5 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் அது சோதிக்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்ற முடிவு 1979இல் வந்தபோது, ஊசியைச் சந்தேகிப்பதா சோதனையைச் சந்தேகிப்பதா என்று அறிஞர்கள் பல ஆண்டு வாதாடினார்கள். அதே மாவட்டத்தில் 1990களில், ஆவடியில் இருந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தொழுநோய்க் களப்பிரிவு, எம்.டி. குப்தே தலைமையில் நான்கு தடுப்பு முறைகளை வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டது. யாருக்கு எது போட்டது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. சுமார் 1,71,000 பேர் கையை நீட்டினார்கள். 1998இல் முடிவு வந்தது. பிசிஜி தனியாகத் தந்த பாதுகாப்பு 34.1 சதவீதம். ஜி.பி. தல்வார் தில்லியில் உருவாக்கிய எம்.டபிள்யூ. ஊசி 25.7 சதவீதம். பிசிஜியோடு, கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியையும் சேர்த்துப் போட்டது 64 சதவீதம். பரேல் ஊசி 65.5 சதவீதம், கணிப்பின் எல்லை 48இலிருந்து 77 வரை. அர்மடில்லோ என்ற விலங்கின் உடம்பில் அரும்பாடுபட்டு வளர்த்து எடுத்த உண்மையான தொழுநோய்க் கிருமியோடு, புற்றுநோய் ஆய்வகத்துக் குப்பியில் வளர்ந்த கிருமி தோளோடு தோள் நின்றது.

இங்கே முதல் ஆட்சேபம் எழுகிறது, அது வலுவானதும்கூட. பரேலில் வளர்ந்தது தொழுநோய்க் கிருமியே அல்ல. ஏவியம், இன்ட்ராசெல்லுலரே என்ற மைகோபாக்டீரியக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொன்று அது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. உண்மையான தொழுநோய்க் கிருமி இன்றுவரை செயற்கை ஊடகத்தில் வளர்ந்ததில்லை. ஏன் வளராது என்பதை 2001இல் வெளியான அதன் மரபணு வரிசை தெளிவாக்கியது. ஸ்டூவர்ட் கோல் குழுவினர் பாரிசிலும் கேம்பிரிட்ஜ் அருகிலும் வாசித்த அந்தக் கிருமி தமிழ்நாட்டிலிருந்து போனது. உலக இலக்கியத்தில் அதற்கு டி.என். வகை என்றே பெயர். 32.7 லட்சம் எழுத்துகள் கொண்ட அதன் தொகுதியில் வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600. பழுதாகிக் கிடப்பவை 1,100க்கு மேல். காசநோய்க் கிருமியிடம் 4,000 அளவில் இருக்கின்றன. தனியே பிழைக்கத் தேவையானதை எல்லாம் தொலைத்துவிட்டு மனித உயிரணுவை நம்பி வாழ்கிற கிருமியைக் குப்பியில் வளர்க்க முடியாது. ஆகவே 1958இன் உரிமைகோரல் தவறு; அதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தவறிலிருந்து ஊசியும் தவறு என்ற முடிவுக்குத் தாவுபவர்கள் எதிர்ப்பாற்றலின் இயல்பை மறந்துவிடுகிறார்கள். சொசைட்டி வாட்ச்மேன் வருபவரின் ஆதார் அட்டையைப் பார்ப்பதில்லை. நடையையும் முகச்சாயலையும் பார்த்தே நிறுத்துகிறார். டி செல்லும் கிருமியின் இனப்பெயரை அறியாது. புரதத்தின் சிறு துண்டுகளைத்தான் அறியும். தொழுநோய்க் கிருமியும் இதுவும் அடங்கிய மைகோபாக்டீரியங்கள் ஒரு குடும்பம், அவற்றின் துண்டுகள் பல பொதுவானவை. ஜென்னர் பசு அம்மையை வைத்துப் பெரியம்மையைத் தடுத்ததும் இதனால்தான். அப்படியானால் எந்த உறவினர்க் கிருமியும் போதுமா என்றால், போதாது. எம்.டபிள்யூ.வும் ஏறத்தாழ அதே குடும்பம்தான். செங்கல்பட்டில் அது பாதிக்கும் குறைவாகவே காத்தது. எந்தத் துண்டுகள் உடம்பை எழுப்புகின்றன என்ற கேள்வி அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

தொடங்கவில்லை என்பது இரண்டாவது ஆட்சேபத்தோடு ஒட்டிய கதை. தொழுநோய்க்குத் தடுப்பூசியே எதற்கு என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1982இல் பரிந்துரைத்த டாப்சோன், ரிஃபாம்பிசின், க்ளோஃபாசிமின் கூட்டு மருந்து நோயைக் குணப்படுத்தியது. 2005 டிசம்பரில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா எட்டியது. அதன்பின் ஊசி வீண் செலவு. இதில் பாதி சரி. நோய் அரிதான ஊரில் ஆயிரக்கணக்கானோருக்கு ஊசி போட்டு ஒரு நோயாளியைத் தவிர்ப்பது அறிவான செலவாகாது. பொதுமக்கள் அனைவருக்கும் ஊசி என்ற திட்டத்தைக் கைவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த இலக்கு எண்ணப்பட்ட விதத்தையும் பார்க்க வேண்டும். ஒரு நாளில் சிகிச்சைப் பதிவேட்டில் இருப்போரின் எண்ணிக்கைதான் அது. 1990களின் இறுதியில் கடும் வகை நோயாளிக்கான சிகிச்சை 24 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. மருந்து முடிந்தவர் பதிவேட்டிலிருந்து இறங்கிவிடுவார். மருத்துவத்தில் நியாயமான மாற்றம், கணக்கில் தானாக வந்த இறக்கம். புதிதாக நோய் காணப்படுவோர் கதை வேறு. உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் இந்தியர். ஆண்டுக்கு ஒரு லட்சத்தைச் சுற்றி. மருந்து நோயாளியைக் குணமாக்குகிறது. அவர் வீட்டில் ஏற்கெனவே கிருமி ஏறி, ஐந்தாண்டோ பத்தாண்டோ கழித்து நோயாக வெளிப்படப் போகிறவரை அது தொடுவதில்லை. அந்த வீட்டாருக்கு மட்டும் என்ன கொடுக்கலாம் என்பதே இன்றைய கேள்வி. வங்கதேசத்தில் நடந்த ஒரு சோதனையில் ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் முதல் இரண்டாண்டுகளில் புதிய நோயை 57 சதவீதம் குறைத்தது. சிறுவயதில் பிசிஜி போட்டிருந்தவர்களிடம் இன்னும் கூடுதல் பலன். மருந்தும் எதிர்ப்பாற்றலும் கைகோத்தால்தான் வேலை நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எம்.டபிள்யூ. கான்பூர் பக்கத்தில் நோயாளிகளின் வீட்டாரிடம் நன்றாக வேலை செய்து, ஆண்டுகள் போகப்போக வலுக் குறைந்தது. அதற்கு அனுமதியும் தயாரிப்பாளரும் கிடைத்தார்கள். செங்கல்பட்டில் முதலிடம் பெற்ற ஊசிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வீட்டாரிடம் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்திருந்தால் இன்று நமக்கு ஊகம் தேவைப்பட்டிருக்காது. ஏழைகளின் நோய் ஒழிந்துவிட்டது என்ற அறிவிப்பைப் போல ஆராய்ச்சியை விரைவாக முடித்துவைப்பது வேறெதுவும் இல்லை.

மூன்றாவது ஆட்சேபம் அறிவியலாளர்களிடமிருந்தே வரும். மூன்று துறையிலும் கால் வைப்பவர் எதிலும் ஆழம் காணமாட்டார். இன்று ஒரு புரதத்துக்கே ஓர் ஆயுள் போதாது. தனிமனிதரைப் பொறுத்தவரை இது உண்மை. ஆனால் பரேலில் நடந்தது தனிமனிதச் சாகசமல்ல. நோய்க்குறியியலாளர் கானோல்கர், கிருமியைக் கையாண்ட பாபட், உயிரணு வளர்ப்பில் தேர்ந்த ரணதிவே, பின்னால் எதிர்ப்பாற்றலைக் கொண்டுவந்த தேவ் என்று நான்கு ஆழங்கள் ஒரே தாழ்வாரத்தில் இருந்தன. இணைப்பை மனிதர் செய்யவில்லை, கட்டடம் செய்தது என்றுகூடச் சொல்லலாம். இணைப்புக்கும் ஒரு விலை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. எலியின் பாலில் வைரஸ் இருந்ததால் மனிதப் பாலிலும் இருக்கும் என்று தேடினார்கள். மார்புப் புற்று அதிகமுள்ள பம்பாய் பார்சிப் பெண்களின் பாலில் வைரஸ் போன்ற துகள்கள் தெரிவதாக 1971இல் நேச்சர் இதழில் அமெரிக்க, பம்பாய் ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதினார்கள். அந்தத் தடம் மனிதரின் மார்புப் புற்று வைரஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ஒப்புமை எல்லா இடத்திலும் செல்லாது. ஆனால் தேடும் பழக்கம் வீணாகவில்லை. பரேல் ஆய்வகம் இப்போது கார்கரில் ஆக்ட்ரெக் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே அமித் தத்தின் குழு புற்றுக்கட்டிகளின் மரபணு வரிசையைப் படிக்கும்போது, மனிதருடையது அல்லாத எழுத்துகளைக் குப்பையென ஒதுக்காமல் யாருடையவை என்று பார்த்தது. பித்தப்பைப் புற்றுகள் சிலவற்றில் சால்மொனெல்லாவின் தடயம் கிடைத்தது. நாக்குப் புற்றில், பாப்பிலோமா வைரஸ் இல்லாத நோயாளிகளிடம், ஃபியூசோபாக்டீரியம் என்ற வாய்க்கிருமி இருந்தவர்கள் பிழைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. கிருமி புற்றை உண்டாக்கியதா, உண்டான புற்றில் குடியேறியதா என்பது இதனால் முடிவாகிவிடாது. தடயம் வேறு, குற்றம் வேறு. கொரோனா வந்தபோது, கட்டிக்குள் கிருமியைத் தேடக் கட்டிய கணினிக் கருவியை அதே குழு வைரஸ் வரிசைகளைப் படிக்கத் திருப்பிக்கொண்டது. புகையிலையால் வாய்ப்புற்று மலிந்த இந்த நகரத்தில் தொற்று ஆய்வும் புற்று ஆய்வும் ஒரே மேசையில் இருப்பதன் நன்மை இதுதான்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பவாயில் இருக்கும் ஐ.ஐ.டி.யும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. ஐ.ஐ.டி. பக்கத்தில் அதை முன்னெடுத்தவர் எதிர்ப்பாற்றல் ஆய்வாளர் ராகுல் புர்வார். நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்து, புற்றான பி செல்லை அடையாளம் காணும் ஒரு மரபணுவை அவற்றுக்குள் ஏற்றி, பெருக்கி, திரும்ப உடம்புக்குள் விடுகிறார்கள். அந்த மரபணுவைச் சுமந்து உள்ளே போவது எய்ட்ஸ் வைரஸின் குடும்பத்திலிருந்து, நோய் தரும் பகுதிகளை நீக்கிச் செய்த வாகனம். ஒரு தொற்றுக் கிருமியின் திறமை, மரபணுப் பொறியியல், எதிர்ப்பாற்றல் மூன்றும் ஒரே பைக்குள் தொங்குகின்றன. புற்றுநோய்ப் பிரிவில் கிருமி எதற்கு என்று இப்போது யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் கோடிகளில் ஆகும் செலவு இங்கே சில பத்து லட்சங்களாகக் குறைந்திருக்கிறது என்று பெருமைப்படலாம். நம் பக்கத்து டாகோர் நகரிலோ சூர்யா நகரிலோ இருக்கும் குடும்பத்துக்குச் சில பத்து லட்சம் என்பது இன்னும் எட்டாக்கனிதான். புதுமையைப் பாராட்டும் அதே வாயால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

என் வழக்கு இவ்வளவுதான். ரணதிவே தலைமுறையினர் கிருமியின் பெயரில் பிழை செய்தார்கள், கேள்வியில் பிழை செய்யவில்லை. சரியான கேள்வி தந்த பலனை, துறைக்கணக்கிலும் ஒழிப்பு அறிவிப்பிலும் சிக்கி நாம் நழுவவிட்டோம். செங்கல்பட்டில் கை நீட்டிய 1,71,000 பேருக்கு இன்னும் ஒரு பதில் கடன் இருக்கிறது. அவர்களிடம் 65 சதவீதம் காத்த ஊசியை, நோயாளிகளின் வீட்டாரிடம், ஒரு வேளை ரிஃபாம்பிசினோடு சேர்த்து முறையாகச் சோதித்துப் பார்ப்பதே அந்தப் பதில். அதை மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்தான் தொடங்க வேண்டும். நாம் காத்திருக்க வேண்டியதில்லாத வேலை ஒன்று உண்டு. தாராவியிலும் சயான் பக்கத்திலும் பம்பாய்த் தொழுநோய்த் திட்டத்தார் 1976 முதல் செய்துவந்த, நோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் வேலையே அது. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ யாருக்காவது தோலில் நிறம் வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டாலும் சூடு பட்டாலும் தெரியவில்லை என்றால், களிம்பு தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். மாநகராட்சி மருந்தகத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்து இலவசம், ஆரம்பத்திலேயே கண்டால் ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் குணமாகும், கையும் காலும் கெடாது.